லேப்டாப்ல தேவையில்லாத டிரைவர், சர்வீஸ் எல்லாம் எதை நிப்பாட்டலாம், எதைத் தொடக்கூடாது?

லயத்து_டீச்சர் (சுங்கை சிப்புட்)

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சிட்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க. நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கேன். பால்மரம் எல்லாம் போயி செம்பனை வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, ஆனா லயத்து வீடுங்க கொஞ்சம் இன்னும் இருக்கு, அந்தப் பிள்ளைங்க பதினெட்டு பேருக்கு சாயங்காலம் டியூஷன் சொல்லிக் குடுக்குறேன். பயிற்சித்தாள் எல்லாம் நானே தமிழ்ல டைப் பண்ணி வீட்டுலயே பிரிண்ட் எடுத்துக் குடுப்பேன். எல்லாத்துக்கும் இருக்கிறது ஒரே ஒரு லேப்டாப்தான்.

2020-ல பிகேபி (கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு) நேரத்துல, பள்ளிக்கூடம் எல்லாம் வீட்டுலேர்ந்துன்னு ஆனப்ப, 650 வெள்ளிக்கு செகண்ட் ஹேண்டா வாங்குனது. ஐ5, நாலாவது ஜெனரேஷன், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டிஸ்க், விண்டோஸ் 10. அப்ப நல்லாதான் ஓடுச்சு. இப்ப சுவிட்ச் போட்டா டெஸ்க்டாப் வந்து ஒரு ஃபைல் திறக்குறதுக்கு ஏழு நிமிஷம் ஆகுது, கடிகாரம் வச்சே பாத்துட்டேன். டாஸ்க் மேனேஜர்ல பாத்தா டிஸ்க் 100 விழுக்காடுன்னு செவப்பா நிக்குது, பிள்ளைங்க வந்து உக்காந்துருவாங்க, நான் இன்னும் திரையப் பாத்துக்கிட்டு இருப்பேன்.

டவுன்ல ஒரு கடையில காட்டுனேன். ஃபார்மேட் பண்ணணும், 80 வெள்ளின்னாங்க. ஃபார்மேட்டுன்னாலே எனக்கு பயம், ஏன்னா மூணு வருஷத்துக்கு முன்ன இன்னொரு கடையில இப்படித்தான் குடுத்து, எங்க அப்பா தோட்டத்துல வேலை செஞ்ச காலத்துப் படம் ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேன், பாதி போச்சு. கேக்காம அழிச்சிட்டாங்க. மிச்சம் இருக்கிறது இதுலதான் இருக்கு.

அதனால நானே சுத்தம் பண்ணலாம்னு உள்ள போயி பாத்தேன். சர்வீஸ் பட்டியல, அதான் பின்னாடி தானா ஓடுற வேலைங்க பட்டியல, திறந்தா 200-க்கு மேல இருக்கு, பாதி எனக்கு என்னான்னே புரியல, எக்ஸ்பாக்ஸ்னு எல்லாம் இருக்கு, நான் ஒரு நாளும் கேம் வெளையாண்டது கெடையாது. டாஸ்க் மேனேஜர்ல எஸ்விசிஹோஸ்ட்னு ஒரே பேரு எழுபது எண்பது தடவ வருது, இது வைரஸா? டிவைஸ் மேனேஜர்ல எனக்கு தெரியாத சாமான் ஏகப்பட்டது. பிரிண்டர் மூணு காட்டுது, ரெண்டு எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. விண்டோஸ் ஃபோல்டர் உள்ள டிரைவர்ஸ்டோர்னு ஒண்ணு 6 ஜிபி புடிச்சு வச்சிருக்கு, அதை அப்படியே அழிச்சா இடமும் வரும் வேகமும் வரும்னு ஒருத்தங்க சொன்னாங்க, தொடல.

எதெல்லாம் நிப்பாட்டுனா ஒண்ணும் ஆகாது, எதுல கை வச்சா திரும்ப எழுந்திருக்காது, இதுதான் என் கேள்வி. நெட்டு போன் ஹாட்ஸ்பாட்டுலதான், ப்ரீபெய்ட், அதனால பெரிய பெரிய சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்ண சொல்லாதீங்க. முன்கூட்டியே நன்றி.


கெடா_பையன் (சுங்கை பட்டாணி)

டீச்சர், ரொம்ப சிம்பிள். ரன்ல போயி சர்வீசஸ் டாட் எம்எஸ்சி அடிங்க. சிஸ்மெயின், விண்டோஸ் சர்ச், பிரிண்ட் ஸ்பூலர், ஃபேக்ஸ், எக்ஸ்பாக்ஸ் நாலு, புளூடூத், டச் கீபோர்ட், பயோமெட்ரிக், விண்டோஸ் அப்டேட், எல்லாத்தையும் டிசேபிள்ல வச்சு ரீஸ்டார்ட் பண்ணுங்க. நான் வீடியோ பாத்து முப்பதுக்கு மேல நிப்பாட்டுனேன், என் லேப்டாப் சும்மா பறக்குது. டிரைவர்ஸ்டோர்ல பழசு எல்லாம் அழிச்சிரலாம், விண்டோஸ் வேணும்னா தானா திரும்ப போட்டுக்கும்.


ஆலை_சார்ஜ்மேன் (லங்காப்)

டீச்சர் வணக்கம். தம்பி நல்ல மனசோட சொல்லிருக்காரு, ஆனா அந்தப் பட்டியல அப்படியே போடாதீங்க. பிரிண்ட் ஸ்பூலர நிப்பாட்டுனா உங்க பயிற்சித்தாள் பிரிண்ட் வராது, அங்கயே ஆரம்பிக்குது பிரச்சனை. டிரைவர்ஸ்டோர், விண்டோஸ் டிரைவர் எல்லாம் சேத்து வைக்கிற இடம், அதை கையால அழிக்கிற வேலையே வேணாம், பின்னாடி சொல்றேன்.

நான் செம்பனை ஆலையில சார்ஜ்மேன், கரண்ட் போர்டு எல்லாம் பாக்குற ஆளு. போர்டுல எந்த ஒயர் எங்க போகுதுன்னு தெரியாம ஒரு ஃபியூஸ புடுங்க மாட்டோம், புடுங்குனா அதுக்கு ஒரு டேக் மாட்டி நோட்டுல நேரம் எழுதுவோம். லேப்டாப்புக்கும் அதேதான் செய்யணும் டீச்சர். ஒரு நோட்டு எடுத்துக்குங்க. ஒரு சர்வீஸ மாத்துறதுக்கு முன்ன அதோட பேரு, இப்ப ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்ன இருக்குன்னு எழுதுங்க, அப்புறம் மாத்துங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஒரு நாள் வேலை செஞ்சு பாருங்க, அப்புறம் அடுத்தது. முப்பத ஒண்ணா மாத்திட்டு வைஃபை போச்சுன்னா எதனால போச்சுன்னு கண்டுபுடிக்க முடியாது.

மொதல்ல உங்க பயத்துக்கு பதில். எஸ்விசிஹோஸ்ட் வைரஸ் இல்ல. அது விண்டோஸோட சர்வீஸ்கள தூக்கிக்கிட்டு ஓடுற ஒரு வண்டி மாதிரி. முன்ன ஒரே வண்டியில பத்து சர்வீஸ் ஏறி போகும், 2017-ல வந்த 1703 பதிப்புலேர்ந்து 3.5 ஜிபிக்கு மேல ரேம் இருக்கிற மெஷின்ல ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி வண்டி குடுத்துட்டாங்க, ஒண்ணு கவுந்தா மத்தது கவுராம இருக்கறதுக்கு. உங்களுக்கு 4 ஜிபி, அதான் எழுபது எண்பதுன்னு தெரியுது. ஃபைல் விண்டோஸ் ஃபோல்டர்ல சிஸ்டம்32 உள்ள இருந்தா சரி, வேற எங்கயாச்சும் இருந்தாதான் சந்தேகப்படணும்.

ரெண்டாவது, பட்டியல்ல 200 இருக்குன்னா 200-ம் ஓடுதுன்னு அர்த்தம் இல்ல. ஸ்டேட்டஸ்ங்கிற தலைப்புல ஒரு க்ளிக் பண்ணுங்க, ரன்னிங் இருக்கிறது எல்லாம் ஒண்ணா வந்துரும். எக்ஸ்பாக்ஸ் நாலும், ஃபேக்ஸும் மேனுவல்ல இருக்கும், யாரும் கூப்புடாத வரைக்கும் அது எழுந்திரிக்காது, ஒரு துளி ரேம் தின்னாது. அதைப் போயி டிசேபிள் பண்றது பூட்டுன வீட்டுக்கு மறுபடி பூட்டு போடுறது.

டிரைவரும், அதான் ஒரு சாமான விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர், அப்படித்தான். சாமான் மாட்டாம இருந்தா அதோட டிரைவர் பெரும்பாலும் மெமரிக்குள்ள ஏறாது, டிஸ்க்குல கெடந்து இடம் மட்டும் புடிக்கும். டிவைஸ் மேனேஜர்ல வியூ மெனுவுல ஷோ ஹிட்டன் டிவைசஸ்னு இருக்கு, போட்டீங்கன்னா மங்கலா சாம்பல் கலர்ல நெறைய வரும், என்னைக்கோ சொருகுன பென்டிரைவ், மௌஸ் எல்லாம். அதை அழிச்சாலும் அழிக்காட்டியும் வேகத்துல ஒரு வித்தியாசமும் இருக்காது, நான் ஒரு தடவ நூத்துக்கு மேல அழிச்சுப் பாத்தவன். வெளியிலேர்ந்து வந்த சாஃப்ட்வேர் கூடவே போடுற டிரைவர்தான் சாமான் இருக்கோ இல்லையோ எந்நேரமும் ஓடும், ஆன்டிவைரஸ், விபிஎன், பழைய புரோட்பேண்ட் டாங்கிள், இந்த மாதிரி. தேட வேண்டிய இடம் அதுதான்.

இதுக்கு டவுன்லோட் ஒண்ணும் வேணாம். ரன்ல எம்எஸ்கான்ஃபிக் அடிங்க, சர்வீசஸ் டேப் போங்க, கீழ ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்னு ஒரு பெட்டி இருக்கு, டிக் போடுங்க. விண்டோஸோடது எல்லாம் மறைஞ்சு வெளியாள் மட்டும் நிப்பாங்க. அந்தப் பட்டியல அப்படியே இங்க எழுதுங்க, ஒண்ணும் அணைக்காதீங்க. அப்புறம் கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அமுக்கி டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் டேப்ல என்னென்ன எனேபிள்ல இருக்குன்னும் எழுதுங்க. டிஸ்க் 100 நிக்கிற நேரத்துல பெர்ஃபார்மன்ஸ் டேப் அடியில ரிசோர்ஸ் மானிட்டர் திறந்து, டிஸ்க் பக்கத்துல டோட்டல் தலைப்ப க்ளிக் பண்ணா யாரு அதிகமா தின்றான்னு மேல வந்துரும், அந்த மொத மூணு பேரு வேணும் எனக்கு.

இதுக்கெல்லாம் முன்ன, இன்னைக்கு ராத்திரியே, உங்க அப்பா படத்தையும் பயிற்சித்தாளையும் ஒரு பென்டிரைவ்ல எடுத்து வச்சிருங்க. தயவு செஞ்சு. அது முடியாம அடுத்தது எதுவும் வேணாம். அது முடிஞ்சதும் சிஸ்டம் புரொடெக்ஷன்ல சி டிரைவுக்கு ஆன் பண்ணி ஒரு ரெஸ்டோர் பாயிண்ட் போடுங்க, ஏதாச்சும் தப்பா போனா செட்டிங்ஸ் எல்லாம் இந்த நெலமைக்குத் திரும்ப கொண்டு வரலாம், நெறைய மெஷின்ல அது ஆஃப்லயேதான் இருக்கு.

எந்தக் காலத்துலயும் தொடக்கூடாதது: ரிமோட் புரொசீஜர் கால், டிகாம் லான்ச்சர், பிளக் அண்ட் பிளே, விண்டோஸ் ஈவென்ட் லாக், கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ், டிஎச்சிபி கிளையண்ட், டபிள்யூலான் ஆட்டோகான்ஃபிக். கடைசியில சொன்னத அணைச்சீங்கன்னா வைஃபையே இருக்காது, ஹாட்ஸ்பாட் கூட புடிக்க முடியாது. டிவைஸ் மேனேஜர்ல ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்னு இருக்கிற பக்கமும் போகாதீங்க, அங்க தப்பு பண்ணா நீலத் திரை வந்து அதோட நிக்கும்.


பீடோர்_அக்கா (பீடோர்)

டீச்சர், நானும் வீட்டுலேர்ந்து கல்யாணப் பத்திரிக்கை, கோயில் திருவிழா நோட்டீஸ் டைப் பண்ற ஆளு, அதனால இத சொல்லியே ஆகணும். கெடா தம்பி பட்டியல்ல டச் கீபோர்டுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, முழுப் பேரு டச் கீபோர்ட் அண்ட் ஹேண்ட்ரைட்டிங் பேனல் சர்வீஸ். என் லேப்டாப்புல டச் ஸ்கிரீன் கெடையாது, அப்ப எதுக்கு இதுன்னு நானும் போன வருஷம் டிசேபிள் பண்ணேன். மறுநாள் ஸ்டார்ட் மெனுவுல ஒரு எழுத்து அடிக்க முடியல, கீபோர்ட் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு புது கீபோர்டே வாங்கிட்டேன். மொழி மாத்துற பட்டனும் போச்சு, தமிழ் வரவே மாட்டேங்குது. ஒரு திருவிழா நோட்டீஸ் அன்னைக்கு குடுக்கணும், கோயில் தலைவரு போன் மேல போன். நானும் அழாத கொறை. ரெண்டு நாள் கழிச்சுதான் தெரிஞ்சது, பேருதான் டச் கீபோர்ட், ஆனா விண்டோஸ்ல எழுத்து உள்ளிடுற வேலை நெறைய அது வழியாத்தான் போகுது. விண்டோஸ் 11-ல அதுக்கு டெக்ஸ்ட் இன்புட் மேனேஜ்மென்ட்னு பேரு. தமிழ்ல டைப் பண்றவங்க யாருமே அதைத் தொடாதீங்க.

நீங்க எதுல தமிழ் அடிக்கிறீங்க? விண்டோஸோட தமிழ் ஃபொனட்டிக்னா, அது 2019 மே அப்டேட்டுலேர்ந்து உள்ளயே வருது, தனியா ஒண்ணும் ஓடாது. நம்ம முத்து நெடுமாறன் செஞ்ச முரசு அஞ்சல் போட்டிருந்தீங்கன்னா ஸ்டார்ட்அப் பட்டியல்ல இருக்கான்னு பாத்துட்டு அதை மட்டும் விட்டுருங்க, அவசரத்துல வெளியாள்னு நெனச்சு அணைச்சிராதீங்க.

டிரைவர்ஸ்டோர் கதையும் கேளுங்க. என் தங்கச்சி மகன் அதுக்குள்ள ஃபைல்ரெபாசிட்டரின்னு இருக்கிற ஃபோல்டர்ல அனுமதி எல்லாம் மாத்தி பழசுன்னு அவனுக்கு தோணுனத அழிச்சிட்டான். மறுபடி ஆன் பண்ணா திரை எல்லாம் பெருசு பெருசா தெரியுது, டிஸ்ப்ளே டிரைவரே போச்சு, பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்னு காட்டுது. புது மெஷின்ல டிஸ்ப்ளே டிரைவர் அந்த ஃபோல்டர்லேர்ந்தே நேரா ஓடுமாம். திரும்ப கொண்டு வர ஒரு நாள் போச்சு.

இன்னொண்ணு, விண்டோஸ் அப்டேட்ட நிப்பாட்ட சொல்றாங்க, டேட்டா தின்னுதேன்னு. அதுக்கு வேற வழி இருக்கு. ஹாட்ஸ்பாட் புடிச்சதும் அந்த நெட்வொர்க்க க்ளிக் பண்ணி மீட்டர்ட் கனெக்ஷன் ஆன் பண்ணுங்க, பெரிய அப்டேட் எதுவும் அதுபாட்டுக்கு எறங்காது. டெலிவரி ஆப்டிமைசேஷன்ல மத்த கம்ப்யூட்டர்லேர்ந்து டவுன்லோடுங்கிறத ஆஃப் பண்ணுங்க. பக்கத்துல நாடி மையம் (அரசாங்கத்தோட இன்டர்நெட் மையம்) இருந்தா மாசத்துல ஒரு நாள் லேப்டாப்ப தூக்கிட்டுப் போயி அங்க வைஃபையில அப்டேட் விட்டுட்டு வாங்க, நான் அப்படித்தான் செய்றேன்.


லயத்து_டீச்சர்

எல்லாருக்கும் மொதல்ல நன்றி, அக்கா நீங்க சொல்லலன்னா அந்த டச் கீபோர்ட மொதல்ல நான்தான் அணைச்சிருப்பேன், என்கிட்டயும் டச் ஸ்கிரீன் இல்லையே. நான் தமிழ் ஃபொனட்டிக்தான் அடிக்கிறேன்.

சார்ஜ்மேன் அண்ணே, சொன்ன மாதிரி மொதல்ல பென்டிரைவ்ல எடுத்தேன். அப்பா படம் இருக்கிற ஃபோல்டர் காப்பி ஆகும்போது ரெண்டு மூணு இடத்துல ரொம்ப நேரம் அப்படியே நின்னுட்டு அப்புறம் போச்சு, ஒரு படம் மட்டும் வரவே இல்ல, ஏதோ எரர் காட்டுச்சு. மத்ததெல்லாம் வந்துருச்சு. ரெஸ்டோர் பாயிண்ட் ஆஃப்லதான் இருந்துச்சு, ஆன் பண்ணி போட்டாச்சு. நோட்டும் போட்டுட்டேன், பிள்ளைங்களோட கணக்கு நோட்டுல மிச்சம் இருந்த பக்கம்.

எம்எஸ்கான்ஃபிக்ல மைக்ரோசாஃப்ட் மறைச்சா 17 நிக்குது. அதுல ஆறு ஏதோ ஒரு ஆன்டிவைரஸோடது, வாங்கும்போதே இருந்த ட்ரையல், காலம் முடிஞ்சு வருஷக்கணக்காச்சு. இன்னும் ரெண்டு வேற ஒரு ஆன்டிவைரஸ், கடையில போட்டது போல. ஒண்ணு பழைய டாங்கிள், நாங்க சிம் போட்டு சொருகுவோமே அது, அந்த டாங்கிளே 2021 வெள்ளத்துல போச்சு. ரெண்டு பிரிண்டர் ஸ்டேட்டஸ் மானிட்டர், தூக்கிப் போட்ட பிரிண்டரோடது. ஒண்ணு கைரேகை சாஃப்ட்வேர், இந்த லேப்டாப்புல கைரேகை வைக்கிற இடமே இல்ல. மிச்சம் பிரவுசர் அப்டேட் ரெண்டு, லேப்டாப் கம்பெனியோட உதவியாளர் ஒண்ணு, சவுண்ட் ஒண்ணு, இன்டெல்னு ஒண்ணு.

ரிசோர்ஸ் மானிட்டர்ல மேல வர்றது ரெண்டு ஆன்டிவைரஸும் மாறி மாறி, அதுக்கு அடுத்து சிஸ்டம்னு ஒண்ணு, அதுக்கு அடுத்து சர்ச் இண்டெக்ஸர், ஃபைல் தேடுறதுக்குப் பட்டியல் போடுறது போல.

ஆன்டிவைரஸ எடுத்துட்டா பாதுகாப்பு இல்லாம போயிருமா அண்ணே? அதான் யோசனையா இருக்கு.


ஆலை_சார்ஜ்மேன்

டீச்சர், நல்லா எழுதி குடுத்திருக்கீங்க, இதுலயே விஷயம் முக்கால்வாசி வந்துருச்சு. ரெண்டு ஆன்டிவைரஸ் ஒரே வீட்டுல ரெண்டு காவக்காரன் மாதிரி, நீங்க ஒரு ஃபைல் திறந்தா ஒருத்தன் சோதிப்பான், அவன் சோதிக்கிறத இன்னொருத்தன் சோதிப்பான். ஹார்டிஸ்க்குல ஊசி ஒண்ணுதான், அது அங்கயும் இங்கயும் ஓடியே களைச்சுப் போகும். ரெண்டையும் எடுங்க. எடுத்ததும் விண்டோஸோட சொந்த டிஃபெண்டர் தானா எழுந்துக்கும், காசு இல்ல, காலம் முடியாது. விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து பச்சை டிக் இருக்கான்னு மட்டும் உறுதி பண்ணிக்குங்க.

ஆனா சர்வீஸ டிசேபிள் பண்ணி ஆன்டிவைரஸ எடுக்க முடியாது, அதுக்கு டிரைவர் வேற உள்ள ஆழமா இருக்கும், ஃபைல் போற வழியிலயே உக்காந்திருக்கிற ஃபில்டர். செட்டிங்ஸ்ல ஆப்ஸ் போயி முறையா அன்இன்ஸ்டால் பண்ணுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க, அப்புறம் அடுத்தது. அட்மினா கமாண்ட் பிராம்ப்ட் திறந்து எஃப்எல்டிஎம்சி அடிச்சீங்கன்னா எந்தெந்த ஃபில்டர் இன்னும் ஓடுதுன்னு காட்டும், அதுல பழைய ஆன்டிவைரஸ் பேரு இருந்தா அந்தக் கம்பெனியே குடுக்குற ரிமூவல் டூல் இருக்கும், சின்ன ஃபைல்தான், அவங்க வெப்சைட்லேர்ந்து மட்டும் எடுங்க. டிரைவர் அப்டேட்டர், பூஸ்டர்னு விளம்பரம் வர்றது எதையும் போட்டுராதீங்க, இருக்கிறது போதாதுன்னு இன்னும் ரெண்டு சர்வீஸ் சேரும்.

டாங்கிள், கைரேகை, ரெண்டு பழைய பிரிண்டர், இதுவும் ஆப்ஸ்லேர்ந்தே அன்இன்ஸ்டால். பிரிண்டர்ல ஒரு வேலை மிச்சம் இருக்கும். சாஃப்ட்வேர் போனாலும் டிரைவர் பொட்டலம் நிக்கும். ரன்ல பிரிண்ட்யூஐ, ஒரு இடம் விட்டு சாய்கோடு எஸ், இடம் விட்டு சாய்கோடு டி ரெண்டு, இப்படி அடிங்க, பிரிண்டர் டிரைவர் பட்டியல் வரும், பழசு ரெண்டையும் ரிமூவ் பண்ணுங்க, டிரைவர் பேக்கேஜோட சேத்தான்னு கேக்கும், ஆமான்னு குடுங்க. ஓடிக்கிட்டு இருக்கிற பிரிண்டரோட பேர நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு செய்ங்க, மாத்தி எடுத்துறப் போறீங்க. ஸ்பூலர் ஆட்டோமேட்டிக்லயே இருக்கட்டும். பிரிண்டரே இல்லாத வீட்டுல அதை அணைக்கிறது நல்லதுதான், 2021-ல பிரிண்ட்நைட்மேர்னு ஒரு பெரிய ஓட்டை அதுலதான் வந்துச்சு, ஆனா உங்களுக்கு அது வேணும். அப்டேட் மட்டும் விடாம போடுங்க.

பிரவுசர் அப்டேட் ரெண்டையும் விட்டுருங்க. சவுண்ட், இன்டெல் தொடாதீங்க. கம்பெனி உதவியாளர ஸ்டார்ட்அப்ல மட்டும் அணைச்சாப் போதும்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் ரெண்டே ரெண்டு. சர்ச் இண்டெக்ஸர அணைக்க வேணாம், இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ் போயி மத்தத எல்லாம் எடுத்துட்டு பயிற்சித்தாள் ஃபோல்டர் மட்டும் வைங்க, உங்களுக்கு தேட வேண்டியது அது ஒண்ணுதானே. சிஸ்மெயின், முன்ன சூப்பர்ஃபெட்ச்னு பேரு, அடிக்கடி திறக்குற புரோகிராம முன்கூட்டியே மெமரியில ஏத்தி வைக்கிறது, அதை மொதல்ல டிசேபிள் பண்ணாதீங்க, ஸ்டாப் மட்டும் குடுங்க. ஸ்டாப்னா அடுத்த ரீஸ்டார்ட் வரைக்கும்தான், ஏதாச்சும் ஆனா தானா திரும்ப வந்துரும். நிப்பாட்டி பத்து நிமிஷம் வேலை செஞ்சு டிஸ்க் எறங்குதான்னு பாருங்க, எறங்குனாதான் டிசேபிள், இல்லன்னா ஆட்டோமேட்டிக்லயே விடுங்க. எந்த சர்வீஸா இருந்தாலும் இப்படி ஸ்டாப் பண்ணிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

டிரைவர்ஸ்டோர் 6 ஜிபிய மறந்துருங்க, 500 ஜிபியில அது ஒரு பெரிய விஷயமே இல்ல. இடம் உண்மையிலயே பத்தாதவங்க பிஎன்பியூடில்னு விண்டோஸ்லயே ஒரு கமாண்ட் இருக்கு, அது வழியா எடுக்கணும், பாவிச்சுக்கிட்டு இருக்கிற டிரைவர எடுக்கப் போனா அது மறுக்கும், கை அப்படி மறுக்காது. எடுக்குறதுக்கு முன்ன எல்லா டிரைவரையும் ஒரு ஃபோல்டர்ல பேக்கப் எடுக்கவும் அதுலயே வழி இருக்கு.

இப்ப எனக்கு கவலையா இருக்கிற விஷயம். காப்பி பண்ணும்போது நின்னு நின்னு போச்சு, ஒரு படம் வரவே இல்லன்னு எழுதுனீங்களே, அது சர்வீஸ் பிரச்சனை இல்ல டீச்சர். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர், சில எம்பிதான், எறக்கி திறங்க. மேல குட்னு நீலமா இருக்கா, காஷன்னு மஞ்சளா இருக்கான்னு பாருங்க. கரண்ட் பெண்டிங் செக்டர், ரீஅலொகேட்டட் செக்டர்னு ரெண்டு வரி இருக்கும், அதுல எண்ணு என்னான்னு எழுதுங்க.


கெடா_பையன்

அக்கா சொன்னதப் படிச்சிட்டு என் லேப்டாப்ப திரும்பப் பாத்தேன். ஸ்டார்ட் மெனுவுல எழுத்து வராம ரொம்ப நாளா இருக்கு, நான் அது விண்டோஸ் கோளாறுன்னு நெனச்சு டாஸ்க்பார்ல ஐகான் வச்சே ஓட்டிக்கிட்டு இருந்தேன். டச் கீபோர்ட திரும்ப மேனுவல் போட்டு ரீஸ்டார்ட் பண்ணதும் வந்துருச்சு. அப்டேட்டும் ஒன்பது மாசமா வரல, அதையும் திறந்து விட்டுட்டேன். என்னோடது எஸ்எஸ்டி, சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க், பறக்குறது அதனாலதான் போல, நான் அணைச்சதால இல்ல. எதெது மாத்துனேன்னு எழுதி வைக்கல, இப்ப ஒவ்வொண்ணா தேடிக்கிட்டு இருக்கேன். டீச்சர், என் பட்டியல தயவு செஞ்சு போட்டுராதீங்க, மன்னிச்சிருங்க.


லயத்து_டீச்சர்

தம்பி, பரவால்ல, நீங்க எழுதுனதாலதான் இவ்வளவும் தெரிய வந்துச்சு.

அண்ணே, நாலு நாளா ஒண்ணு ஒண்ணா செஞ்சேன். மொத நாள் ட்ரையல் ஆன்டிவைரஸ், ரெண்டாவது நாள் கடையில போட்டது, டிஃபெண்டர் பச்சை டிக் வந்துருச்சு. அப்புறம் டாங்கிள், கைரேகை, பிரிண்டர் ரெண்டு. சிஸ்மெயின ஸ்டாப் பண்ணிப் பாத்தேன், நல்லாவே எறங்குச்சு, அதனால டிசேபிள், நோட்டுல எழுதியாச்சு. ஏழு நிமிஷம் இருந்தது இப்ப மூணரை நிமிஷம். நேத்து பிள்ளைங்க வரும்போது தாள் பிரிண்ட் ஆகி மேசையில இருந்துச்சு.

ஆனா கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள்தான். கரண்ட் பெண்டிங் செக்டர்ல பூஜ்யம் இல்ல, ரீஅலொகேட்டட்லயும் எண்ணு இருக்கு. என்ன அர்த்தம் அண்ணே?


ஆலை_சார்ஜ்மேன்

டிஸ்க்கோட தட்டு சில இடத்துல படிக்க முடியாம ஆகிருச்சு டீச்சர், அந்தப் படம் அந்த இடத்துல மாட்டியிருக்கு. மெஷின் திரும்பத் திரும்ப படிக்கப் பாக்கும், அதான் 100-ல நிக்கிறது பாதி இதனாலயும்தான். இனிமே எந்த சர்வீஸ அணைச்சும் இதுக்கு மேல வேகம் வராது, வேற ஒண்ணும் அணைக்காதீங்க.

பென்டிரைவ் ஒண்ணு பத்தாது, இன்னொரு இடத்துலயும் ஒரு காப்பி வைங்க. டிஃபிராக், முழு டிஸ்க் ஸ்கேன் எதுவும் ஓட்டாதீங்க, டிஸ்க்க இன்னும் அலைக்கழிக்கும். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 240 ஜிபி போதும், உங்க மெஷினுக்கு அப்படியே உக்காரும். ரேம் ஒரு குச்சி சேத்தாலும் நல்லது, நாலாவது ஜெனரேஷன் லேப்டாப்புக்கு டிடிஆர்3எல், எல் முக்கியம், கடையில தெளிவா சொல்லி வாங்குங்க. பழுதான டிஸ்க்க க்ளோன் பண்ணா பாதியில நிக்கும், அதனால எஸ்எஸ்டியில விண்டோஸ் புதுசா போட்டு ஃபைல மட்டும் காப்பி பண்ண சொல்லுங்க. பழைய டிஸ்க்க கழட்டி உங்க கையிலயே வாங்கிக்குங்க, ஃபார்மேட் பண்ண விடாதீங்க. அந்த ஒரு படத்துக்கு அதுலேர்ந்து இன்னும் முயற்சி பண்ணலாம்.

எஸ்எஸ்டி போட்டதும் சிஸ்மெயின ஆட்டோமேட்டிக்லயே விடுங்க, நோட்டுல அந்த வரிய அடிச்சிருங்க. ஐ5 நாலாவது ஜெனரேஷனுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கெடையாது, எட்டாவதுலேர்ந்துதான். விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சிருச்சு, ஆனா நீட்டிப்புன்னு ஒண்ணு 2026 அக்டோபர் 13 வரைக்கும் இருக்கு, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல செட்டிங்ஸ் பேக்கப் ஆன் பண்ணா காசு இல்லாம கெடைக்கும், அப்டேட் பக்கத்துலயே என்ரோல்னு காட்டும், அதைப் போட்டுருங்க.

லங்காப்லேர்ந்து ஞாயித்துக்கிழமை ஈப்போ வருவேன். சுங்கை சிப்புட் அங்கேர்ந்து தூரம் இல்ல. எஸ்எஸ்டி வாங்கி வைங்க, நான் ஸ்க்ரூடிரைவரோட வர்றேன், மாத்தி குடுத்துட்டு அந்தப் படத்தையும் உங்க கண்ணு முன்னாடியே எடுக்கப் பாக்கலாம்.


லயத்து_டீச்சர்

வாங்க அண்ணே, மதியம் சாப்பாடு எங்க வீட்டுலதான். அந்தப் படம் அப்பா பெரட்டுல (காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்குற இடம்) நிக்கிறது, மத்த எதுலயும் அவரு முகம் அவ்வளவு தெளிவா இல்ல. லேப்டாப்ப இப்பவே ஆஃப் பண்ணி வச்சிட்டேன், ஞாயிறு வரைக்கும் ஆன் பண்ண மாட்டேன். இந்த வாரம் பிள்ளைங்களுக்கு கையால எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துக்கறேன்.